காட்டுக்கு ஆகாத வண்டி

கலாவதிக்கு முடியாது என்று சொல்ல வராது. சேலத்துக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் மஞ்சக்குட்டைப் பக்கம் கட்டிப் பூட்டிவைத்திருக்கும் பங்களாக்களில் ஐந்தாறின் சாவி அவரிடம் வந்து சேர்ந்தது அப்படித்தான். புல் வெட்ட வேண்டுமா, இடித்த சுவரை அள்ளிப் போட வேண்டுமா, ரோஜாச் செடிக்குச் செம்மண் வேண்டுமா, போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "ஆகட்டுங்க" என்பார். எப்படி ஆகும் என்பதை போனை வைத்த பிறகுதான் யோசிப்பார்.

அவர் பிறந்தது எஸ்டேட் லைன் வீட்டில். படிப்பைப் பாதியில் விட்டு, காப்பிப் பழம் பறிக்கப் போய், மெல்ல மெல்ல மேஸ்திரி ஆனார். எஸ்டேட் கைமாறியபோது கையில் வந்ததை வைத்துச் சரிவில் இரண்டரை ஏக்கர் காப்பிக் காடு வாங்கினார். ரோடு சுற்றி வருகிற இடம், யோகம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். தார் ரோடு அந்தக் காட்டின் மேல் ஓரத்தைத் தொட்டு, வளைந்து இறங்கி, கீழ் ஓரத்தையும் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் வீடு. வீட்டுக்கு முன்னால் காப்பி காயவைக்கும் களம். மேல் ரோட்டிலிருந்து களம் வழியாகக் கீழ் ரோட்டுக்கு, ஒரு பாறையைச் சுற்றித் திரும்பி இறங்கும் மண் பாதை.

கணவர் சத்யராஜ் ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஷேர் ஜீப் ஓட்டினார். ஜீப்பால் ஆகாத காரியம் இந்த உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. ஆட்களை ஏற்றுவார், கேஸ் சிலிண்டர் ஏற்றுவார், கன்றுக்குட்டியையும் ஏற்றியிருக்கிறார். மனைவியின் பங்களா வேலைக்கான மண், கல், உரம் எல்லாம் ஆட்களோடு ஆட்களாக அதே ஜீப்பில்தான் போய்க்கொண்டிருந்தன.

ஒரு நாள் ஜீப்பின் மேலே ஈரத் தொழுவுரம் எட்டுப் பத்து மூட்டை. உள்ளே, பெண் பார்க்கப் போகிற ஒரு குடும்பம். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் ஏறும்போதே தூறல். நானும் பின் சீட்டில் இருந்தேன். பாதி வழியில் மழை வலுத்தது. மேலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு மாப்பிள்ளையின் அப்பா தோளில் விழுந்தது. வெள்ளைச் சட்டை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சொட்டு நெற்றியில். அந்தச் சம்பந்தம் நன்றாகவே முடிந்தது என்று கேள்வி. அந்தக் குடும்பத்தில் யாரும் சத்யராஜின் ஜீப்பில் மறுபடி ஏறியதை மட்டும் நான் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் கலாவதி குட்டி டிப்பர் ஒன்று வாங்கலாமா என்று முதன்முதலாக வாய்விட்டுக் கேட்டார். சின்ன வண்டி. பின்னால் தொட்டி. நெம்புகோலை இழுத்தால் தொட்டி தானாகத் தூக்கிக் கொட்டும்.

கேட்டதுதான் தாமதம், பங்களா முதலாளிகள் எல்லாரும் ஆலோசகர்களானார்கள். ஒருவர் விடாமல் வீடியோ அனுப்பினார்கள். எல்லாம் வெளிநாட்டு வீடியோ. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, பச்சைப் பாய் விரித்தது போன்ற நிலத்தில் குட்டி டிப்பரை ஓட்டிப் போய், ஒரு குவியல் மண்ணைக் கொட்டிவிட்டுச் சிரிப்பார். அந்த நிலத்தில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. கலாவதி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இவருக்குக் காடு எங்கதாங்க சரியுது?" என்று கணவரிடம் கேட்டார்.

சத்யராஜ் வீடியோவே பார்க்கவில்லை. பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. பாரத்தோடு அது நம் பாதையில் ஏறாது, பாறைத் திருப்பத்தில் திரும்பாது, மழைச் சேற்றில் நகராது என்று அடித்துச் சொன்னார். டீக்கடையிலும் சொன்னார். ஜீப்பில் ஏறியவர்களிடமும், அவர்கள் கேட்காமலே, சொன்னார்.

கலாவதி வாதம் பண்ணவில்லை. சேலத்தில் வண்டி விற்கிற கடைக்குப் போன் போட்டு, ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். விற்பனைக்காரர் கோகுல் உடனே ஒத்துக்கொண்டார். தார் ரோட்டில் ஒரு ரவுண்டு, ஒரு டீ, ஒரு கையெழுத்து என்று நினைத்திருப்பார். இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகக் காலையில் வந்து இறங்கினார்.

மேல் ரோட்டோரத்தில் ஒரு லாரி தொழுவுரம் குவிந்திருந்தது. முந்தின நாளே வரவழைத்திருந்தார் கலாவதி. இதை ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். கோகுல் குவியலையும் தன் ஷூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி குறை சொல்ல முடியாதபடி ஓடியது. பாரத்தோடு பாதையில் இறங்கியது, வெறும் வண்டியாக ஏறியது. கீழ் ரோட்டிலிருந்து கல் ஏற்றியும் பார்த்தார்கள், முனகிக்கொண்டே ஏறிவிட்டது. பாறைத் திருப்பத்தில் கண்ணாடியை மடக்கிக்கொண்டு திரும்பியது. ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்த சத்யராஜ், அவர் சொன்ன ஒவ்வொன்றும் பொய்த்துப்போக, சேறு இல்லாத நாளில் எந்த வண்டியும் ஏறத்தான் ஏறும் என்று முனகினார்.

தொட்டியைத் தூக்குகிற இடத்தில்தான் சிக்கல் வந்தது. சரிவில் நிறுத்தித் தொட்டியைத் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் சாயும், சமதரை வேண்டும் என்றார் கோகுல். அந்தக் காட்டில் சமதரை ஒன்றே ஒன்றுதான்: களம். ஒவ்வொரு நடையும் களத்திலேயே கொட்டியது. மத்தியானத்துக்குள் வீட்டு வாசல் தெரியாத அளவுக்கு உரம் குவிந்துவிட்டது.

கலாவதி இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் மேல் ரோட்டோரத்தில் மூட்டையை இறக்கினால், ஆட்கள் கூடையில் அள்ளிச் சரிவில் இறங்கிக்கொண்டே செடிச் செடியாக வைத்துவிடுவார்கள். பாரம் இறக்கத்தில், வெறுங்கூடை ஏற்றத்தில். இப்போது உரம் காட்டின் நடுவில் கிடக்கிறது. மேல் பாதிச் செடிகளுக்கெல்லாம் அதைத் தலையில் வைத்து மேலே ஏற்ற வேண்டும். காப்பிச் செடிக்கு நடுவில் வண்டி நுழையாது. நுழைந்தாலும் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரம் விடாது. வண்டி மிச்சம் பண்ணிய நடையை, ஆட்கள் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது.

வண்டி வந்தது வந்துவிட்டது, பங்களாக்களுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம் என்று கலாவதி கோகுலைக் கூப்பிட்டார். ஞானசுந்தரி அம்மாவின் வீட்டு முன்னால் பழைய குளியலறையை இடித்த கல்லும் காரையும் வெகு நாளாகக் கிடந்தன. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட அந்த அம்மா, தினமும் அந்தக் குவியலைப் பார்த்துத்தான் காப்பி குடித்தார். டிப்பர் அதை அள்ளிக்கொண்டு போய், அவர் நிலத்திலேயே இருந்த பள்ளத்தில் கொட்டி நிரவிவிட்டது. குவியலும் போனது, பள்ளமும் போனது. அந்த அம்மா வாசலில் நின்று கைதட்டினார். அடுத்த பங்களாவுக்குச் செம்மண். அதற்கடுத்ததில் வெட்டிப்போட்ட கிளைகள். சிமெண்ட் பாதை, அகலமான கேட், சமதரை. வெளிநாட்டுத் தாத்தாவின் நிலம் மாதிரியே இருந்தது.

சாயங்காலம் கோகுலுக்குச் சாப்பாடு போட்டார் கலாவதி. சட்டையின் நிறம் மாறியிருந்தது. ஷூ வாசலுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளியே இருந்தது. ரசம் ஊற்றும்போது சொன்னார்: "வண்டி நொம்ப நல்ல வண்டிங்க தம்பி. எங்க காட்டுக்குத்தான் ஆகாது."

கோகுல் சாப்பிடுவதை நிறுத்தினார். காலையிலிருந்து அத்தனை வேலையும் செய்த வண்டி எதற்கு ஆகாது என்று அவருக்கு விளங்கவில்லை. கலாவதி உரக் குவியலைக் காட்டி விளக்கினார். அவர் தலையாட்டிக்கொண்டே மலை இறங்கிப் போனார்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் சத்யராஜுக்குத் திருநாள். வண்டி ஏறியது, திரும்பியது என்பதெல்லாம் அவர் கதையிலிருந்து கழன்று விழுந்துவிட்டன. "நாஞ் சொன்னனல்ல, ஆகாதுன்னு" என்பது மட்டும் மிஞ்சியது. இதற்கிடையில் களத்து உரம் முழுதும் செடிக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உரத் தண்ணீர் வாசற்படி வரை வந்தது. அவர் அதை மிதித்துக்கொண்டுதான் ஜீப் எடுக்கப் போனார். அப்போதும் முகம் மலர்ந்தே இருந்தது.

ஆனால் அந்த ஒரு நாள் வண்டியை ஊரே பார்த்திருந்தது. ஆகாது என்று தீர்மானித்த விஷயம் வீட்டுக்குள் இருந்தது. வண்டி ஓடிய விஷயம் ரோட்டில் இருந்தது. கலாவதி டிப்பர் வாங்கிவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். ஜீப்பில் ஒருவர் சத்யராஜிடம், உங்க ஊட்டு டிப்பர் ஒரு நடை கல் எடுக்க வருமா என்று கேட்டார். இல்லை, நாங்கள் வாங்கவில்லை என்று சொல்ல வாய் திறந்த சத்யராஜுக்கு, வாங்க வக்கில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று தோன்றியிருக்கிறது. "வரும்" என்றார். மறுநாள் இன்னொருவர் கேட்டார். முதல் ஆளுக்கு வரும் என்று சொன்னது இவருக்கும் தெரியுமே. இவருக்கும் "வரும்". வாரக் கடைசியில், இல்லாத வண்டிக்கு அடுத்த வாரம் முழுக்க வேலை இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கலாவதி காரணம் கேட்டதும் சுற்றி வளைத்துச் சொன்னார்.

கலாவதி கேட்டார்: "ஏனுங்க, எத்தன பேருக்கு வரும்னு சொன்னீங்க?"

"கேட்டவங்களுக்கெல்லாம்."

"கேட்டவங்க எத்தன பேருங்க?"

"வேணும்னா நானே ஓட்டறேன் புள்ள" என்றார் சத்யராஜ்.

கோகுலுக்கு மறுபடி போன் போனது. இந்த முறையும் நாள் முழுக்க உரம் சுமக்கச் சொல்வார்களோ என்று பயந்து, அவர் முதலில் எடுக்கவேயில்லையாம். வண்டி வேண்டும் என்றதும் நம்பாமல், "அக்கா, உங்க காட்டுக்கு ஆகாதுன்னீங்களே" என்றார்.

"எங்க காட்டுக்குத்தாங்க ஆகாது. ஊர்ல மத்தவங்களுக்கும் காடு இருக்குதுல்லங்க தம்பி" என்றார் கலாவதி.

வண்டியைச் சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டார்கள். ஜீப்பை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு, டிப்பரில் சத்யராஜ் உட்கார்ந்தார். ஒரு மாதத்துக்குள், டிப்பரால் ஆகாத காரியம் இந்த உலகத்தில் இல்லை என்று பேச ஆரம்பித்தார். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கழுவுவார். தொட்டியில் ஈர உரம் ஏற்றினால் முகம் சுளிப்பார்.

வண்டிக்கு ஓய்வே இல்லை. பங்களாக்காரர்கள் எல்லாரும் வேண்டாத மண்ணை வெளியே அனுப்பினார்கள், வேண்டிய மண்ணை உள்ளே வரவழைத்தார்கள். சில சமயம் ஒருவர் அனுப்பிய மண்தான் இன்னொருவருக்குப் போனது. இரண்டு பேருமே கலாவதிக்கு நன்றி சொன்னார்கள்.

அடுத்த வருடம் பழனிசாமி வந்தார். கலாவதியின் காட்டுக்கு மேலே, அதைவிடச் செங்குத்தான நான்கு ஏக்கர் அவருடையது. தானும் ஒரு குட்டி டிப்பர் வாங்கலாமா, காட்டுக்குச் சரிப்படுமா என்று கேட்டார். கலாவதி இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரோடு போய் அந்தக் காட்டை மேலும் கீழும் நடந்து பார்த்தார். எங்கே நிறுத்துவீர்கள், எங்கே கொட்டுவீர்கள், கொட்டியதை எந்தப் பக்கம் சுமப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பழனிசாமி சரிவைத்தான் காட்டினார். மூச்சு வாங்க மேலே வந்து நின்ற கலாவதி, மனதில் ஒன்றும் வைக்காமல் சொன்னார்: "உங்க காட்டுக்கு ஆகாதுங்கண்ணா. வேண்டாங்க."

பழனிசாமி நன்றி சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் அவர் இன்னொருவரிடம் சொன்னது பிறகு காதுக்கு வந்தது. அந்தம்மா மட்டும் ஓட்டிச் சம்பாதிப்பார்களாம், நமக்கு மட்டும் ஆகாதாம். அந்த வாரமே சேலத்துக்குப் போய், கோகுலிடமே, அதே வண்டியை அதே நிறத்தில் வாங்கி வந்தார்.

அது அவர் காட்டுக்குள் ஒரே ஒரு நாள்தான் போனது. வெளியே எடுக்கக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது, தன் டிப்பரை வைத்து இழுத்தது சத்யராஜ். அதற்குப் பிறகு அதுவும் ரோட்டோரத்தில் வாடகைக்கு நின்றது. மலையில் மண் மாற்றுகிற ஆசை குறையாததால் அதற்கும் வேலை கிடைத்தது.

தை மாதம் கலாவதியின் காட்டில் பழம் பறித்தார்கள். மேல் பாதி மூட்டைகள் மேல் ரோட்டுக்கும், கீழ் பாதி கீழ் ரோட்டுக்கும், எப்போதும் போலத் தலைச்சுமையாகப் போயின. சொந்த டிப்பர் ஞானசுந்தரி அம்மாவின் புதுப் புல்தரைக்கு மண் கொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வரும் என்று கலாவதி வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே அவர் ரோட்டோரம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, பழனிசாமிக்குப் போன் போட்டு, மூட்டைகளை ஏற்காட்டுக்குக் கொண்டுபோக வண்டி வாடகைக்கு வருமா என்று கேட்டார்.

"வருமுங்க" என்றார் பழனிசாமி. கொஞ்சம் பொறுத்து, "காட்டுக்குள்ள எல்லாம் வராதுங்க, ரோட்டோடதான்" என்றும் சொன்னார்.

"ஆகட்டுங்க" என்றார் கலாவதி.