சிஸ்டருக்கும் வேர்த்தது

தொண்ணூறுகளில் ஒரு மே மாத மதியம். பொள்ளாச்சியிலிருந்து கோவை வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கன்னியாஸ்திரி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முழுக்கை வைத்த வெள்ளை அங்கி, தலையை மூடிய துணி. கண்ணாடியில் வேர்வை இறங்க இறங்க, அந்தத் துணியின் நுனியால் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டே வந்தார்.

கிணத்துக்கடவில் ஏறிய பெருத்த ஆசாமி ஒருவர், உட்கார்ந்ததும் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் வந்துவிட்டார்.

"ஏனுங்க, சட்டையைப் போடுங்க. சிஸ்டர் உக்காந்திருக்காங்கல்ல."

"ஒடம்பு வெந்துபோச்சுங்க. போட மாட்டேன்."

"அப்ப எறங்கிக்குங்க."

விசில் அடித்தார். பஸ் நின்றது. சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"அவரை உடு கண்ணு. எனக்குங்கூட இதையெல்லாம் கழட்டிப்போடோணும்னுதான் இருக்குது. எங்க மடத்து மதர்தான் உடமாட்டாங்க."

ஆசாமி தானாகவே சட்டையை மாட்டி, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டுக்கொண்டார். திறந்துவிட்டிருந்த என் பித்தான்களை நானும் மெதுவாகப் போட்டேன். பலே குசும்பு என்று நினைத்துக்கொண்டேன்.

உக்கடத்தில் சிஸ்டர் எனக்கு முன்னால் இறங்கினார். அங்கி முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. அன்று அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.