ஈரத் தலையோடு வந்தவர்கள்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிடும், கரண்ட் போகும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம். கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நடந்தது, ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரிக்கு. ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார் பிரிவு எங்களுடையது. நாள் முழுக்க போனில் பேசுவாள். ஹெட்போனைக் கழற்றினால் வாயையும் மூடிக்கொள்வாள். அதனால் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். அவளுக்கென்று இருந்தது அம்மா ஒருத்திதான். அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில், சலவைப் பிரிவில் வேலை. அப்பா என்றோ போய்ச் சேர்ந்துவிட்டார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாதி கிடையாது. சமீபத்தில்தான் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது தளத்துக்குக் குடிவந்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது, பல மணி நேரம் ஆகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பிடித்த நீல ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுவிடப் பார்த்தாள் மகள். கை மடங்கவில்லை. கட்டையாக விறைத்திருந்தது. இழுத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் ஜாக்கெட்டை நெஞ்சின்மேல் பரப்பி, கழுத்துவரை போர்வையால் மூடினாள். பெற்றவளுக்கு ஒரு ஜாக்கெட் போட்டுவிடக்கூடத் துப்பில்லையே என்று அழுதாள்.

சவப்பெட்டிக் கடை ஆட்கள் பெட்டியைக் கொண்டுவந்து, போர்வையோடு அம்மாவை அதில் கிடத்திவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிட்டார்கள். வண்டி நாலு மணிக்கு வரும். டிரைவர் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"தூக்க நாலு பேர் வேணும்மா. நான் ஓட்ட மட்டும்தான் செய்வேன். ஆள் இல்லேன்னா வண்டியைத் திருப்பிருவேன்."

அந்த நாலு பேருக்கு எங்கே போவாள்? எதிர் வீட்டுப் பெண் சங்கிலியை எடுக்காமலேயே கதவு இடுக்கில் "சாரிங்க" என்றாள். ஆபீஸ் குரூப்பில் நாங்கள் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டோம். நானும்தான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் போன் செய்தாள். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நாற்காலிக்காரர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தார். இருபதுக்குக் குறைந்தால் வாடகைக்குத் தரமாட்டாராம். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருபது பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார்.

மணி இரண்டரை. ஜன்னல் வழியே பார்த்தாள். இருபதும் காலி. தன் வாழ்க்கையிலேயே அவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

மறுபடி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது.

தப்... தப்... தப்...

நிறையப் பேர். ஆனால் செருப்புச் சத்தம் இல்லை. பேச்சுச் சத்தமும் இல்லை.

திறந்திருந்த கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கிழவர்கள், நடுவயதுப் பெண்கள், மீசை அரும்பிய ஒருவன். ஆண்கள் எல்லாரும் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். மடித்து வைத்த கோடு இன்னும் கலையவில்லை. கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார்கள்.

எல்லார் தலையும் ஈரமாக இருந்தது. வழித்துச் சீவியிருந்தார்கள். இத்தனை வெயிலில் மாடி ஏறி வந்தும் முடி நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மாகூட வேலை பாக்குறவங்களா?" என்று கேட்டாள்.

"அம்மா எங்களைப் பாத்துக்கிட்டாங்க" என்றாள் ஒரு பெண்.

சலவைப் பிரிவுக்காரர்கள்தான், வேறு யார்! சோப்பு வாசனைகூட வந்தது. ஓடிப்போய் டீ போட்டுக் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாரும் குடிக்கவில்லை. அம்மா எப்படி இறந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் போனும் அடிக்கவில்லை.

"நீ கொஞ்சம் வெளிய நில்லும்மா" என்றாள் அந்தப் பெண்.

பெண்கள் மட்டும் உள்ளே நின்றார்கள். கதவு மூடியது. தண்ணீர் ஊற்றும் சத்தம்... பிறகு துணி கிழிபடும் சத்தம். சர்ர்ர்...

கதவு திறந்தது.

அம்மா நீல ஜாக்கெட் போட்டிருந்தாள். இரண்டு கையும் ஒழுங்காக ஜாக்கெட் கைக்குள் இருந்தன. தலை ஈரமாக, வழித்துச் சீவியிருந்தது.

எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நன்றி சொல்லி அழ மட்டும்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மற்றவர்கள் முன்னால் இறங்கினார்கள். அவள் பின்னால் போனாள்.

அப்போதுதான் அவர்களுடைய முதுகைப் பார்த்தாள்.

எல்லாச் சட்டையும் காலரிலிருந்து கீழ்வரை நடுவில் கிழிந்திருந்தது. கறுப்பு நூலால், பெரிய பெரிய தையலாகப் போட்டுச் சேர்த்திருந்தது.

புதுச் சட்டையை யார் இப்படி...

இடுகாடுவரை வண்டியில் யாரும் பேசவில்லை. "ஏசியே இல்லாத வண்டி, இப்படிச் சில்லுனு இருக்கே" என்று டிரைவர்தான் முணுமுணுத்தார்.

குழியில் இறக்கினார்கள். அவள் மண்டியிட்டு மண் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

யாரும் இல்லை.

குழி தோண்டியவர் மட்டும் தள்ளி நின்று மண்வெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். வாசல்வரை நேர் பாதை. அதில் ஒரு ஆள் இல்லை.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். அம்மாவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவராம். இடுகாட்டில் கேள்விப்பட்டுத்தான் விஷயமே தெரிந்ததாம். வரமுடியாமல் போனதற்குத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"பரவாயில்லைங்க. உங்க ஆளுங்கதான் எல்லாரும் வந்து கூட நின்னாங்களே" என்றாள்.

"எங்க ஆளுங்களா? எங்க பிரிவுல இருந்ததே நானும் உங்க அம்மாவும்தாம்மா."

"சலவைப் பிரிவுல ரெண்டே பேரா?"

அவர் அவளையே பார்த்தார். "சலவையா? அம்மா பிணவறையிலதானே இருந்தாங்க. உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

அவள் வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். புதுச் சட்டை, ஈரத் தலை. அவர் முகம் வெளிறிப்போனது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சட்டை முதுகுல... தையல் இருந்துச்சா?"

அவள் அதை இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"கேட்க ஆள் இல்லாத பிணம் நிறைய வரும்மா. உங்க அம்மாதான் குளிப்பாட்டித் தலை சீவி விடுவாங்க. புதுத் துணி வாங்கிட்டு வருவாங்க. விறைச்ச கை சட்டைக்குள்ள போகாது. அதனால முதுகுப் பக்கம் கிழிச்சு முன்னாலேருந்து மாட்டுவோம். அப்படியே விட்டுடலாம், யார் பார்க்கப் போறா? ஆனா அவங்க விடமாட்டாங்க. புரட்டிப் போட்டுத் தைச்சுத்தான் அனுப்புவாங்க."

அவர் போன பிறகு, அவள் அன்று ராத்திரி முழுக்க விளக்கை அணைக்கவில்லை.

என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது என்றாள். குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தபோது வீட்டில் அவளை வெளியே நிற்கச் சொன்ன அந்தப் பெண் அவள் காதருகே குனிந்தாளாம். ஈர முடி கன்னத்தில் பட்டதாம்.

"கவலைப்படாதம்மா. உனக்கும் நாங்க வருவோம்."

அதைக் கேட்டுத் தனக்குப் பயமே வரவில்லை என்கிறாள். நிம்மதியாக இருந்ததாம். இப்போது ராத்திரியில் அவளைத் தூங்கவிடாமல் செய்வது அந்த நிம்மதிதான்.