உருவி எடுத்த காத்தாடி

மூன்று திருகுகள் கழன்றுவிட்டன. நான்காவதன் தலை தேய்ந்துபோயிருந்தது, ஸ்க்ரூடிரைவர் நழுவியது. விரல்கள் ஒரு ரப்பர் துண்டைத் திருகின் தலைமேல் வைத்து அழுத்திச் சுற்றின. இப்போது பிடித்தது. மூடி கையோடு வந்தது. உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு, ஒரு பச்சை விளக்கு, பன்னிரண்டு ஒயர்கள். கைகள் நிதானமாகத்தான் இருந்தன. சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு நாற்பத்தொன்று.

சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டாயிரம் முட்டைக் கோழிகள். நான்கு பக்கமும் அடைத்த கொட்டகை அது. ஒரு கோடியில் காற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் வழியும் அட்டைகள், மறு கோடியில் ஆள் உயரத்துக்குப் பத்து விசிறிகள். எந்த விசிறி எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தப் பெட்டி. மே மாதத்தில் விசிறி நின்றால் கோழிகள் கால் மணி நேரம்தான் தாங்கும். ஒன்பது மணிக்குப் பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட்டை நிறுத்தப்போகிறார்கள். ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் கரண்ட் ஒருமுறை போய் வந்துவிட்டால் இந்தப் பெட்டி எதையும் ஓட்டாது. நேற்று மாலை இதே கைகள் செய்த காரியம் அப்படி.

வசந்தாமணிக்கு நாற்பத்து மூன்று வயது. நாமக்கல்லில் அவளும் கணவர் சண்முகவேலும் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி வந்தபோது கம்பியை நீட்டிக் கொடுக்கத்தான் அவளை உட்கார வைத்தார்கள். இரண்டு வருடத்தில் சுற்று எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பட்டறைக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. கட்டி முடித்த மோட்டாருக்குள் எத்தனை சுற்று, எந்த அளவுக் கம்பி, என்ன தேதி என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார்கள். நாளைக்கு வேறு யார் பிரித்தாலும் அவன் தடுமாறக் கூடாது. இன்னொன்று, வாடிக்கையாளர் வேலையைக் குறை சொல்லிச் சண்டைக்கு வந்தால் பதில் பேச மாட்டார்கள். தங்கள் கம்பியை உருவி வைத்துக்கொண்டு வெறுங்கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

கோழிப்பண்ணை விசிறிகள் அடிக்கடி எரிந்து வந்ததில்தான் அவளுக்குப் பெட்டியின் யோசனை வந்தது. சூட்டை அளந்து விசிறிகளை முறை வைத்து ஓட்ட ஒரு புரோகிராம் வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்து, தப்புத் தப்பாக எழுதி, ஒவ்வொரு தப்பையும் நோட்டில் குறித்துவைத்து, பதினான்கு மாதத்தில் ஒன்றை எழுதி முடித்தாள். அதற்குக் காத்தாடி என்று பெயர் வைத்தாள். உலகத்தில் பலரும் தங்கள் புரோகிராம்களை இலவசமாகக் கொண்டுவந்து வைக்கும் இணையக் கிடங்கு ஒன்றில் அதையும் வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சீட்டு ஒட்டிப் பழகியவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

எட்டு வருடத்தில் வாரத்துக்கு நானூறு பேர் எடுக்கும் அளவுக்கு அது போயிருந்தது. அதில் ஒருவர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் அதிகாரி. புரோகிராமின் பாதுகாப்பு பற்றிப் பதினான்கு பக்கப் படிவம் அனுப்பி, ஒரு வாரத்தில் நிரப்பித் தரச் சொன்னார். அவள் அவகாசம் கேட்டாள். அவர் எல்லோரும் பார்க்கும் இடத்தில், இவர் பொறுப்பில்லாதவர் என்று எழுதினார். அதன்கீழ் முன்பின் தெரியாத நாற்பது பேர் வந்து அவரவர் பங்குக்கு எழுதினார்கள். முடியாவிட்டால் முடிகிறவர்களிடம் விட்டுவிட்டுப் போகட்டும் என்றார் ஒருவர். கிடங்குக்காரர்களுக்கு எழுதினாள். இயந்திரம்தான் பதில் போட்டது. மறுநாள் காத்தாடியின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை தொங்கியது.

நேற்று மாலை ஐந்து மணிக்கு வசந்தாமணி பட்டறை வழக்கப்படி தன் கம்பியை உருவினாள்; காத்தாடியைக் கிடங்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். கிடங்கு ஒருமுறை கேட்டது: எடுத்துவிட்டால் இருபத்துநாலு மணி நேரத்துக்கு இந்தப் பெயரில் எதையும் வைக்க முடியாது, சம்மதமா? சம்மதம் என்று அழுத்தினாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

காலை ஏழேமுக்காலுக்குச் சண்முகவேல் பேப்பரைப் பார்த்து, சேந்தமங்கலம் பக்கம் ஒம்பதுலிருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் இல்லையாமா என்றார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

அந்தப் பக்கத்துப் பண்ணைகள் ஐந்தில் அவளே பெட்டி மாட்டியிருந்தாள். காத்தாடியில் ஏதாவது திருத்தினால் ஒவ்வொரு பண்ணைக்கும் அலைய வேண்டாம் என்று அப்போது ஒரு வழி செய்தாள். மாதம் ஒருநாள் எப்படியும் கரண்ட் போகும். போய் வந்ததும் பெட்டி பழைய காத்தாடியை அழித்துவிட்டு, கிடங்கிலிருந்து புதியதை எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டு மறந்தும் போனாள். யாரெல்லாம் எடுக்கிறார்கள் என்று நினைத்தபோதெல்லாம் அவளுக்கு வெளிநாட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அந்த நானூறில் தன் பெட்டிகளும் இருக்கும் என்று தோன்றவே இல்லை. இன்றைக்குக் கரண்ட் போய் வந்தால் பெட்டி பழையதை அழிக்கும், கிடங்கில் தேடும், கிடைக்காமல் சும்மா நிற்கும்.

நான்கு பண்ணைக்காரர்கள் போனை எடுத்தார்கள். விசிறிகளைக் கை சுவிட்சுக்கு மாற்றச் சொன்னாள். ஐந்தாவது, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பூவாத்தாளின் பண்ணை. அறுபது வயது பூவாத்தாள் கொட்டகைக்குள் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிடுவார். மணி அடித்தால் கோழிகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அதைவிட மோசம், அங்கே கை சுவிட்சே இல்லை. வேலையாட்கள் அதைத் தொட்டுத் தொட்டுக் கெடுக்கிறார்கள் என்று போன வருடம் அவளே கழற்றி எடுத்து, பெட்டியையும் ஒரு கம்பிக் கூண்டுக்குள் பூட்டிவிட்டாள்.

பென் டிரைவில் காத்தாடியைப் போட்டுக்கொண்டாள். இருபத்துநாலு மணி நேரம் முடியாததால் புரோகிராமை வேறொரு பக்கத்தில் ஏற்றி, கிடங்கில் இல்லை, இங்கிருந்து எடுங்கள் என்று பொதுவில் மூன்று வரி எழுதினாள். முகம் தெரியாத மற்றவர்களுக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். லேப்டாப்பையும் ஒரு சுவிட்சையும் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினாள். வழி முழுக்க நானூறு என்ற எண் மண்டைக்குள் ஓடியது. அதில் எத்தனை கொட்டகை? அங்கெல்லாம் இப்போது எத்தனை மணி?

“என்ன சாமி, கரண்ட்காரனுக்கு முந்தி நீ வந்து நிக்கற?” என்று பூவாத்தாள் வாசலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பூவாத்தாளும் நிறுத்திக்கொண்டார்.

மூடி கழன்ற பெட்டியோடு லேப்டாப்பை இணைத்தாள். முதலில் அந்தப் பழைய வரியை நீக்கினாள். பிறகு காத்தாடியைப் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும்படி ஏற்றத் தொடங்கினாள். அறுபது சதம், எழுபது. எண்பத்தொன்றில் வெகுநேரம் நின்றது. பூவாத்தாள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

“என்னாச்சுன்னு சொல்லு சாமி.”

“இதுக்குள்ள இருக்கறத நாந்தானுங்க நேத்து எடுத்துட்டேன். ஒருத்தன் மேல கோவத்துல.”

“ஆரு மேல?”

“ஊரு பேரு தெரியாதுங்க. வெளிநாட்டுக்காரன்.”

“அவனுக்கு எத்தன கோழி?”

வசந்தாமணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அவனுக்கு ஒண்ணுமில்லீங்க.”

பூவாத்தாள் ஜெனரேட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நூறு சதம் வந்தபோது எட்டு ஐம்பத்தேழு. சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் வேண்டும். சுவிட்சை மாட்ட ஐந்து நிமிடம் வேண்டும். பச்சை விளக்கு அணைந்தது. கரண்ட்காரர்கள் மூன்று நிமிடம் முந்திவிட்டார்கள்.

விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. அந்தச் சத்தம் இல்லாமல் அந்தக் கொட்டகையை அவள் கேட்டதே இல்லை. இருபத்திரண்டாயிரம் கோழிகளும் ஒரு கணம் அடங்கின. பிறகு ஒரே நேரத்தில் கொக்கரிக்கத் தொடங்கின. வெளியே ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி ஓய்ந்தது. மூன்றாம் முறை பிடித்தது. பெட்டியின் விளக்கு சிவப்பாக எரிந்தது. பெட்டி மறுபடி இயங்கத் தொடங்க நாற்பது நொடி ஆகும். அவள் காயில் சுற்றை எண்ணுவதுபோல் எண்ணினாள். நாற்பது ஆனது. சிவப்புதான். ஐம்பது. ஐம்பத்தாறில் பச்சை வந்தது. கோடியில் முதல் விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. தயங்கியதுபோல் இருந்தது. பிறகு ஓடியது. இரண்டாவது, மூன்றாவது.

பத்தும் ஓடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அதன்பின் சுவிட்சை மாட்டினாள். இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். செல்போனை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதிய மூன்று வரிகளைப் பதினேழு பேர் படித்திருந்தார்கள். மீதிப் பேரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

சீட்டு ஒன்று கிழித்து எழுதினாள்: உள்ளே காத்தாடி நிரந்தரமாக இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் எடுக்காது. பெட்டி நின்றால் வலது பக்கச் சுவிட்சை மேலே தள்ளவும். தேதி போட்டு மூடியின் உட்புறம் ஒட்டினாள். அதையே இன்னொரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள். நான்கு திருகுகளையும் முடுக்கி, தேய்ந்ததற்குப் பதில் புதியது போட்டாள்.

பெட்டிக் கூண்டின் சாவி ஒரு வருடமாக அவளிடம்தான் இருந்தது. அதை வளையத்திலிருந்து கழற்றி, தாளோடு சேர்த்துப் பூவாத்தாளின் கையில் கொடுத்தாள்.