பஞ்சலிங்கம் மனைவியை ஐரோப்பா கூட்டிப்போனது

டாக்டர் சொன்னதைப் பஞ்சலிங்கம் வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த மனைவியிடம் சொல்லவில்லை. "மருந்துக் குளிசையை ஒழுங்காப் போடட்டாம்" என்று மட்டும் சொல்லி, கையைப் பிடித்து எழுப்பினார்.

உள்ளே அவர் கேட்டது வேறு. கமலாவதியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் விட்டுவிட்டுப் போன சேதம். வெட்டித் திருத்துகிற காலம் தாண்டிவிட்டது. கவனமாக இருந்தால் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு என்றார் டாக்டர்.

அது 1979இன் கடைசி. கடலை விட்டு வந்து பருத்தித்துறை வீட்டில் அவர் நிரந்தரமாகக் குடியிருக்கத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஐம்பத்தாறில் கலியாணம் முடித்த சூட்டோடு கப்பல் குசினிக்குக் கோப்பை கழுவப் போனவர். பிறகு கிரேக்கக்காரனின் சரக்குக் கப்பல்களில் சமையற்காரன். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் வந்து, ஓரிரு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். அதற்குள் வீடு கட்டியது, கிணறு வெட்டியது, பாரிசவாதத்தில் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்தது, ஒரே மகள் அருமைநாயகியை வளர்த்து லண்டனுக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் கமலாவதி. ஊருக்கு வரும்போதெல்லாம் பஞ்சலிங்கம் கொண்டுவந்தது கொஞ்சம் சாமான், மற்றதெல்லாம் கதை. பாரிசில் இரும்புக் கோபுரத்தில் ஏறி நின்ற கதை. வெனிசில் தெருவே தண்ணீராக இருக்கும் கதை. ரோமாபுரியில் சிங்கத்தோடு மனிதரை மோதவிட்ட மைதானத்தின் கதை. ஒவ்வொரு தடவையும் கப்பலுக்குப் போகும்போது, "அடுத்தமுறை உன்னையும் கூட்டிக்கொண்டு போறன்" என்பார். அப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

டாக்டர் வீட்டிலிருந்து வந்த கையோடு அவர் அலுமாரியிலிருந்த பழைய வரைபடத்தை எடுத்து நிலத்தில் விரித்தார். லண்டனில் மகள் வீடு. அங்கிருந்து பாரிஸ், பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், வெனிஸ், ரோமாபுரி. பென்சிலால் கோடு இழுத்தார். ஒரு நகரத்துக்கு இரண்டு நாள். காசு பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அது இருந்தது. இல்லாதது நாள்தான்.

"என்ன திடீரெண்டு?" என்றாள் கமலாவதி. சாய்மனைக் கதிரையில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவள் சாய்ந்திருந்தாள். நேராகப் படுத்தால் மூச்சு முட்டும்.

"சொன்னனான்தானே, கூட்டிக்கொண்டு போறனெண்டு."

"அதை நீங்கள் சொல்லாத வருஷம் எது?"

அவர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்ற பயம்.

தைப்பொங்கலுக்கு அருமைநாயகி லண்டனிலிருந்து வந்தாள். அவளிடம் மட்டும் கிணற்றடியில் வைத்து உண்மையைச் சொன்னார். அவள் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "ரிக்கற் நான் எடுக்கிறன் ஐயா. ஆனா உப்பிடி ஓடேலாது. அம்மா செத்துப்போவா" என்றாள்.

தகப்பனும் மகளும் கமலாவதியின் ரிப்போட்டுகளோடு கொழும்புக்குப் போய் வேறொரு டாக்டரைப் பார்த்தார்கள். மிகவும் தயங்கித்தான் அவர் சம்மதித்தார். விமானத்தில் போகலாம், ஆனால் ஒரு நாள் பயணம் செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, குளிரில் நிற்கக்கூடாது.

அன்றிலிருந்து பஞ்சலிங்கத்துக்கு வேறு நினைவில்லை. வரைபடத்தில் பென்சில் கோட்டை அழிப்பார், மறுபடி இழுப்பார். ஆம்ஸ்டர்டாமை வெட்டினார். பிரசெல்சை வெட்டினார். அதற்கு மேல் கை எளிதில் வரவில்லை. ஒவ்வொரு ஊராக அவரே கமலாவதிக்கு இல்லையென்று சொல்வது போலிருந்தது. சூரிச்சை வெட்டிவிட்டு அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

ஒருநாள் மகளும் தகப்பனும் படத்தின்மேல் குனிந்திருந்தபோது பஞ்சலிங்கம் வாய் தவறிச் சொன்னார்: "பாரிசிலை இறங்கினா பிரச்சினையில்லை. எங்கடை கப்பலைக் கொண்டுவந்து கட்டுற இடத்திலையிருந்து கோபுரம் கிட்டத்தான்."

அருமைநாயகி சிரித்துவிட்டாள். "ஐயா, பாரிசிலை கடலே இல்லை. கடல் எங்கையோ கிடக்கு."

பஞ்சலிங்கத்தின் காது சிவந்தது. கமலாவதி கதிரையில் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப கோபுரத்திலை ஏறினது?"

"ஏறேல்லை."

"வெனிஸ்?"

"கப்பல் சாமான் இறக்கிற நேரம் சமையற்காரனுக்குத்தான் கூட வேலை, கமலா. கரைக்கு விட்டாலும் துறைமுக வாசல் மட்டுந்தான். என்னோடை கப்பலிலை இருந்த சிமியோனைக் கேட்டுப் பார்."

"நான் ஏன் சிமியோனைக் கேக்கிறன்? ஊர் முழுக்க உங்கடை கதையைச் சொன்னது நான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த வீட்டிலை இருந்தனான்." மூச்சு வாங்கியது. வாங்கி முடியும்வரை மற்ற இருவரும் அசையாமல் இருந்தார்கள். "அப்ப இது எனக்குக் காட்டுறதுக்கில்லை. நீங்கள் பாக்கத்தான் போறியள்."

"உனக்கும் காட்டத்தான்…"

"எனக்கு ஒரு ஊரும் வேண்டாம். விடிய எழும்பி அடுப்பு மூட்டாத இடம் ஒண்டு இருந்தாச் சொல்லுங்கோ. ஆரும் வந்து வாசலிலை நிண்டு 'அக்கா' எண்டு கூப்பிடாத இடம். அங்கை நான் நித்திரை கொள்ள வேணும். அதுக்குப் பேர் பாரிசோ பருத்தித்துறையோ, எனக்கு ஒண்டுதான்."

மூன்று நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். வேலைக்கு ஆள் வைத்திருந்தும், அவர் சாப்பாட்டை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை. "கப்பலிலை நாப்பது பேருக்குச் சமைச்சனான், எனக்கு ஏலாதோ?" என்று அவர் குசினிக்குள் நுழைந்தால், அகப்பையை வாங்கி வைத்துவிட்டு வாசலைக் காட்டுவாள்.

நான்காம் நாள் அவர் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக்குப் போனார். சிமியோன் அவரோடு பத்து வருஷம் ஒரே கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவனாக இருந்தவன். இப்போது களப்பில் இறால் பிடிக்கிறான். பஞ்சலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். சிமியோன் வலையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"பஞ்சண்ணை, எனக்குக் காய்ச்சல் வந்து இத்தாலியிலை, ஜெனோவாவிலை இறக்கி விட்டவங்கள், நினைவிருக்கோ? அதுக்குப் பக்கத்திலை கடற்கரையிலை ஒரு சின்ன ஊர். கன்னியாஸ்திரிமார் விடுதி ஒண்டு நடத்தினம். கீழ்த் தளத்திலையே அறை, படியில்லை. யன்னலைத் திறந்தாக் கடல். சாப்பாடு கட்டிலுக்கு வரும். ஒரு மாதம் நான் சும்மா கிடந்தனான். உலகத்திலை அப்பிடி நித்திரையை நான் பிறகு காணேல்லை."

அப்படித்தான் திட்டம் முடிவானது. லண்டனில் மகளோடு பத்து நாள். பாரிசில் இரண்டு இரவு. மற்றதெல்லாம் அந்தக் கடற்கரை ஊரில். பாரிசை ஏன் விடவில்லை என்று மகள் கேட்டாள். "வழியிலை கிடக்குத்தானே" என்றார். கமலாவதி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. "இரண்டு இரவுதான்" என்றாள்.

விசாவுக்கு அலைந்ததில் மாசியும் பங்குனியும் போயின. கால் வீக்கம் ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது. சித்திரையில் ஒரு கிழமை முழுக்க அவளை ஆசுபத்திரியில் வைத்தார்கள். பஞ்சலிங்கம் கட்டிலடியில் இருந்து பயண நாளை மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். முந்திப் போகலாம் என்றால் விசாவுக்குக் கொடுத்த பாஸ்போட் திரும்பி வரவில்லை. பிந்தினால் இவள் இருப்பாளோ தெரியாது. நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தார். வல்லிபுர ஆழ்வாருக்கும் வைத்தார். சிமியோன் தன் பாட்டில் மடு மாதாவுக்கு வைத்தான்.

ஆனியில் புறப்பட்டார்கள். லண்டனில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கமலாவதி சிரித்தாள். அந்தப் பத்து நாளும் பஞ்சலிங்கத்துக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பாரிசில் ஹோட்டல்காரன் கீழறை என்று சொல்லியிருந்தான். போனால் மூன்றாம் மாடி, லிப்ட் பழுது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவளை இருத்தி எழுப்பி, பெட்டிகளைப் பிறகு எடுக்கலாமென்று கீழே விட்டுவிட்டு அவளை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போனார். அறைக்குள் போனதும் அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. அன்று முழுக்கப் படுக்கை.

அடுத்த நாள் மத்தியானம் அவளே சொன்னாள்: "போய்ப் பாத்துட்டு வாங்கோ. நாளைக்கு வெளிக்கிடுறம். இவ்வளவு தூரம் வந்து பாக்காமல் போனா, பிறகு என்னைத்தான் குற்றம் சொல்லுவியள்."

"ஆர் தட்டினாலும் திறக்காதை" என்று சொல்லி, வெளியிலிருந்து கதவைப் பூட்டித் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

சுரங்க ரயில் கோபுரத்தடியில் கொண்டுபோய் விட்டது. அவர் அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ தரம் வாயால் ஏறிய கோபுரம். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பைக்குள் இருந்த கை திறப்பில் தட்டியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுக்கு இப்போது மூச்சு முட்டினால் கதவைத் திறக்க முடியாது. கூப்பிட்டாலும் யாருக்கும் அவள் மொழி விளங்காது. 'அவளை உள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு வந்திருக்கிறன்.'

திரும்பி ஓடினார். ரயில் மாறி ஏறினார். இறங்கிய இடத்தில் எல்லாத் தெருவும் ஒரேமாதிரி இருந்தது. ஹோட்டலின் பெயர் நினைவில் இல்லை. அதை எழுதி வைத்தது பெட்டிக்குள், பெட்டி அறைக்குள். ஆட்களை மறித்து ஆங்கிலத்தில் கேட்டார். கையை விரித்துவிட்டுப் போனார்கள். ஒரு தெருமூலையில் வியர்க்க வியர்க்க நின்று, "முருகா, முருகா" என்று உரக்கவே கூப்பிட்டார். ஒரு கிழவி பயந்து மற்றப் பக்கம் போனாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் திறப்பில் தொங்கிய பித்தளைத் தகட்டில் ஏதோ எழுதியிருப்பது கண்ணில் பட்டது. அதை ஒரு பொலிஸ்காரனின் முகத்துக்கு முன்னே நீட்டினார். அவன் வாசித்து, கையால் இரண்டு தெருவைக் காட்டினான்.

கதவைத் திறந்தபோது கமலாவதி யன்னல் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"உங்களுக்கு ஏதோ நடந்துபோச்செண்டு நினைச்சன்" என்றாள். கட்டிலில் இருத்தியபிறகு, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "பாத்தியளோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எப்பிடி இருந்தது?"

"இரும்பு" என்றார். பிறகு அவளுடைய காலடியில் இருந்து அழுதார்.

அடுத்த நாள் இரவு ரயிலில் அவளை இருக்கையோடு சாய்த்துப் பிடித்தபடி ஜெனோவாவுக்குப் போய், அங்கிருந்து வாடகைக் காரில் கரையோர ஊருக்குச் சேர்ந்தார்கள். சிமியோன் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. கட்டிலுக்கு மேலே சிலுவை தொங்கியது. கமலாவதி திருநீறு பூசிக்கொண்டு அதையும் ஒருதரம் பார்த்தாள். "அவரும் இருக்கட்டும்" என்றாள். பிறகு படுத்தாள்.

இரண்டு நாள் ஏறக்குறைய முழுக்க நித்திரை. கன்னியாஸ்திரி ஒருத்தி கஞ்சிபோல ஏதோ கொண்டுவருவாள். நாலு கரண்டி குடித்துவிட்டுத் திரும்பவும் படுப்பாள். பஞ்சலிங்கம் பக்கத்துக் கதிரையை விட்டு எழவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருப்பார். தெரியாவிட்டால் மூக்கடியில் விரலை வைப்பார்.

"இருக்கிறன்" என்பாள் அவள் கண்ணைத் திறக்காமல். "விரலை எடுங்கோ."

ஐந்தாம் நாள் வீக்கம் வற்றி, விடுதி முற்றத்துக்கு நடந்து வந்தாள். கீழே மணலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் மூக்கைச் சுழித்தாள். "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? எங்கடை வீட்டுப் பின்பக்கம் மணக்கிற மாதிரித்தான் மணக்குது." ஆனால் அங்கேயே இருந்தாள். வெயில் ஏறும்வரை இருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னவர்?" என்று அப்போதுதான் கேட்டாள்.

அவர் கடலைப் பார்த்தார். சொல்லாமல் விட இனி வழியில்லை. சொன்னார்.

கமலாவதி கோபத்தோடுதான் பேசினாள். "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமெல்லே? நான் உங்களோடை மூண்டு நாள் கதைக்காமல் விட்டனான். இருக்கிறதிலை மூண்டு நாள். எனக்குத் தெரிஞ்சிருந்தா அப்பிடி விட்டிருப்பனோ?"

திரும்புகிற நாள் நெருங்கியபோது அவள் இன்னும் கொஞ்சம் நிற்க ஆசைப்பட்டாள். பஞ்சலிங்கம் ஜெனோவா ரயில் நிலையத்துக்குப் போய், கப்பல் குசினியில் பொறுக்கிய இத்தாலியனில் மன்றாடி ரயில் ரிக்கற்றை ஒரு கிழமை பிற்போட்டுக்கொண்டு வந்தார். விமான ரிக்கற்றை மகள் லண்டனில் மாற்றினாள். அந்த ஒரு கிழமையும் கிடைத்தது.

ஊருக்கு வந்தபின் அவள் மார்கழி வரை இருந்தாள். திருவெம்பாவை நடக்கும்போது, சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டாள்.

செத்த வீட்டில் பஞ்சலிங்கத்தின் தமக்கை எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "கிடந்த பொம்பிளையை இழுத்துக்கொண்டு திரிஞ்சு சாகடிச்சுப்போட்டான். வீட்டிலை விட்டிருந்தா இன்னும் இரண்டு பொங்கல் கண்டிருப்பாள்." சிமியோன் சண்டைக்கு எழும்பினான். பஞ்சலிங்கம் அவன் கையைப் பிடித்து இருத்தினார்.

எட்டுச் செலவுச் சடங்கு கழிந்தபின் அவர் டாக்டரிடம் போய் அதையே கேட்டார். போகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளோ என்று. டாக்டர் "சொல்ல ஏலாது" என்றார். அந்தப் பாரிஸ் படிகளை நினைத்துக்கொண்டு பஞ்சலிங்கம் வெளியே வந்து, பஸ்சுக்குக் காத்து நிற்காமல் வீட்டுக்கு நடந்தார்.