கெல்லரில் தொங்கிய அமெரிக்கச் சட்டைகள்

பூச்சி உருண்டையும் ஈரக் கம்பளியும் கலந்த ஒரு வாசம்... இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஜெர்மனியின் பீலெஃபெல்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் கெல்லர் கதவைத் திறந்தால் முகத்தில் அடிப்பது அதுதான்.

கெல்லர் என்றால் வீட்டுக்குக் கீழே இருக்கும் நிலவறை. மற்ற வீட்டுக்காரர் அங்கே சைக்கிளும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். எங்களுடையதில் அமெரிக்க ராணுவத்தின் பழைய யூனிஃபோர்ம்கள் தொங்கின.

சேர்த்தவர் என் கணவர். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓய்வு கிடைத்தால் ஃப்ளோமார்க்ட் என்ற பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பிவிடுவார்.

முதல் சட்டையை அவர் கொண்டுவந்த நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சமையலறைக் கதிரையில் பச்சையாக அது கிடந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் மன்னார்க்காரி. ஊரில் ‘ஆமி’ என்று நாங்கள் சொல்லும் இலங்கை ராணுவத்தின் அந்தப் பச்சையைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நடக்கப் பழகியவள்.

“இஞ்சேருங்கோ, இது வீட்டுக்குள்ள வேண்டாம். என்னால ஏலாது.”

“இது வேற ஆமியப்பா... எங்கட நாட்டுக்கும் இதுக்கும்...” என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“சரி. கீழ வைக்கிறன். நீர் அங்க வரத் தேவையில்லை.”

அவ்வளவுதான். வாதமும் இல்லை, கோபமும் இல்லை. அதன்பிறகு ஒரு பொத்தான்கூட மேலே வரவில்லை.

ஒருநாள் மனம் கேட்காமல் கெல்லர் படியில் நின்றபடியே கேட்டேன். “நீங்களும் ஆமிக்குப் பயந்து ஓடிவந்த ஆள்தானே? இதுகளைப் பார்க்கப் பயமில்லையோ?”

சட்டையொன்றின் சின்னத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர், பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“அங்க கண்டவுடன ஓடினனாங்கள். நிண்டு பார்க்க ஏலுமே? இஞ்சை ஆறுதலா நிண்டு பார்க்கிறன். பார்க்கப் பார்க்க வெறும் துணியாப் போகுது.”

 மேலே போய்விட்டேன்.

பிறகு ஒரு கோடையில் அந்தப் பெரிய மழை வந்தது. இவர் வேலைக்குப் போயிருந்தார். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா கதவைத் தட்டி, கெல்லருக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று கத்தினார்.

ஓடிப்போய்த் திறந்தால், கணுக்கால் வரை தண்ணீர். தொங்கவிட்டிருந்த கம்பி சரிந்து சட்டைகள் எல்லாம் மிதந்தன. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யார் என்னைக் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் மணிக்கணக்காக அங்கே குனிந்திருந்த அவருடைய முதுகு ஞாபகத்துக்கு வந்தது...

கண்ணை மூடிக்கொண்டு முதல் சட்டையைத் தூக்கினேன். தண்ணீர் குடித்த கம்பளி, ஒரு ஆளைத் தூக்குவது போலக் கனத்தது. ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து குளியல் தொட்டியில் போட்டேன்.

அதில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து, இடுப்போடு நிற்கும் கட்டைச் சட்டை ஒன்று. தோளில் இருந்த பேட்சை வைத்து எந்தப் படைப்பிரிவு என்று இவர் கண்டுபிடித்திருந்தார். யாருடையது என்பதற்குத்தான் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அதைப் பிழிவதற்காக உள்பக்கம் திருப்பினேன். நனைந்த லைனிங்கில், காய்ந்திருந்தபோது தெரியாத மங்கிய மை எழுத்து ஒன்று. R. பக்கத்தில் நாலு இலக்கம்.

உடனே வேலையிடத்தில் இருந்த இவருக்குப் போன் எடுத்தேன். எழுத்தையும் இலக்கங்களையும் வாசித்துச் சொன்னேன்.

“கேக்குதோ?”

“ஓம், ஓம்... அது தோய்க்கப் போடேக்க உடுப்பு மாறாமல் இருக்க அடிக்கிறது. பேரின்ர முதல் எழுத்தும், அவன்ர நம்பரின்ர கடைசி நாலும். நீர்... நீர் அதைக் கையால தொட்டனீரோ?”

அப்போதுதான் பார்த்தேன். ஒரு கையில் போன்; மற்றக் கை முழங்கை வரை பச்சைச் சட்டைகளுக்குள் இருந்தது. பயம் வரவில்லை. அழுகை மட்டும் வந்தது.

அந்த R யார் என்று கடைசிவரை தெரியவில்லை. சேகரிப்பாளர்கள் கூடும் இணையத்தளங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்தார். பெயர் கிடைக்கவில்லை. தன் உடுப்பு வேறொருவனிடம் போய்விடக் கூடாதே என்று நினைத்த ஒரு இளவயதுப் பெடியன்... வீடு திரும்பினானோ தெரியாது. அந்த வருடம் மரித்தோர் திருநாளுக்கு இறந்துபோன எங்கள் ஆட்களுக்கு மெழுகுதிரி ஏற்றியபோது, அவனுக்கும் ஒன்று ஏற்றினேன். இவர் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்றார்.

இப்போது எல்லாம் சுலபம். பேட்சைப் போனில் படம் எடுத்தால் அடுத்த நிமிடமே விவரம் வந்துவிடுகிறது. அப்போது ஒரு சட்டையோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். அந்த மாதங்கள் எங்கள் இருவருக்குமே தேவைப்பட்டிருக்கின்றன என்று இன்றைக்கு விளங்குகிறது.

“ஏன் பயப்பிடுறீர்?” என்று அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. நானாக வரும்வரை இருந்தார். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இப்போது சந்தைக்கு இரண்டுபேருமாகத்தான் போகிறோம். இவர் கோப்பி வாங்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது நான் ஏதாவதொரு சட்டையை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன்... தலை நிமிர்ந்து.