சனிக்கிழமை ஏற்ற மறுத்த விளக்கு

பச்சைத் தேயிலையின் விலை வீழ்ந்து எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி மூடப்பட்ட காலம் அது. தேவர்சோலைக்கு மேலே, கோயில் கமிட்டிக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் எங்கள் பெண்கள் சங்கம் இயங்கி வந்தது. அடி தாங்காமல் வரும் பெண்களுக்கு அதுவே அடைக்கலம். அப்போது கைக்குழந்தையோடு ஒருத்தி அங்கிருந்தாள். தேயிலைச் செடியை வெட்டும் கவாத்துக் கத்தியோடு அவள் கணவன் வாசல்வரை வந்து போயிருந்தான். அந்தக் கதவு ஒன்றே அவளுக்கு உயிர்க்காவல்.

சங்கத்துக்குப் பொருளுதவி செய்தவர்கள் கடல் கடந்த யூதப் பெண்கள். தங்களுக்குள் நிதி திரட்டிப் பெண்களின் அமைப்புகளுக்கு வழங்குபவர்கள். செலவைப் பெண்களே தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நிபந்தனை. கமிட்டித் தலைவருக்கு அதுதான் உறுத்தியது. மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு, தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் பரவிற்று.

அவர்களுள் ஒருவர் வெள்ளியன்று பகலில் வந்து எங்களோடு தங்கினார். மறுநாள் புரட்டாசிச் சனி. பெருமாளுக்கு உகந்த அந்நாளை விட்டு வேறொரு நாளை அவரை வரவேற்கும் விழாவுக்கு நினைக்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை. மாலையில் தலைவர் முன்னிலையில் குத்துவிளக்கை ஏற்றுமாறு மெழுகுவத்தியை நீட்டினோம். விருந்தினர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சரம்மா, நம்ம வெளக்கு தீட்டாமா அவங்களுக்கு?" என்றார் தலைவர். "வெளக்கேத்தாத ஊட்ட நாளைக்கே காலி பண்ணிருங்க."

எஸ்டேட் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான்தான் மொழிபெயர்ப்பாளர். விருந்தினரிடம் காரணம் கேட்டேன். வெள்ளி அந்தி முதல் சனி இருட்டும்வரை தம் மக்கள் நெருப்பு மூட்டுவதில்லை என்றும், நட்சத்திரம் தோன்றும் வேளை வந்ததும் மகிழ்ந்து ஏற்றுவதாகவும் அவர் சொன்னார். விரதம் காப்பவளாகிய எனக்கு அது உடனே விளங்கியது. தலைவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"ஆனை எறங்குற நேரமுங்க. எவன் காத்திருப்பான்?"

"பயமா இருந்தா நீங்க போங்கண்ணே," என்றாள் கைக்குழந்தைக்காரி. "போற இடம் இல்லாதவ நான் இருக்கேன்."

பெண்கள் சிரித்தார்கள். தலைவர் எழுந்திருக்கவில்லை.

மலைமூடிய மஞ்சில் ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. கீழ்ச்சரிவில் கிளை முறியும் ஓசை கேட்டது. முதலை வாயினின்று யானையைக் காத்தவனிடம், யானையினின்று எங்களைக் காக்கும்படி வேண்டிக்கொண்டேன். விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மஞ்சுக்காக இன்னும் சிறிது பொறுத்து, பிறகு திரிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார்.

கிளை முறியும் ஓசை வாசலுக்கு அருகில் வந்தது. கைக்குழந்தைக்காரி பாய்ந்து கதவைத் தாழிட்டாள். தலைவர் சுவரோடு ஒட்டி, பெண்களின் நடுவே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். அவர் அதை இரு கைகளாலும் வாங்கிக் குடித்தார்.

யானை விலகியபின் அவர் வாசலில் தயங்கி நின்றார்.

"இந்தத் தாப்பா ஆடுதுங்க டீச்சரம்மா. நாளைக்கு ஆசாரிய அனுப்பறேன், கெட்டியா ஒண்ணு போடச் சொல்லுங்க."

காலி செய்வதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன். மறுநாள் ஆசாரி வந்து புதிய தாழ்ப்பாளை அடித்து முடிக்கும்வரை, குழந்தையை இறக்கிவிடாமல் கைக்குழந்தைக்காரி கதவருகிலேயே நின்றாள்.