கதவைத் திறந்தால்தான் காற்றாடி

என் மாமனார் யோனமினே ஜென்கோவுக்குத் தொண்ணூற்றேழு வயது. எங்கள் ஒகினாவாவில் அந்த வயதைத் தொட்டவருக்குக் ‘கஜிமாயா’ என்று பெயர். காற்றாடி என்று அர்த்தம். அந்த வயதில் மனிதன் மறுபடி குழந்தையாகிவிடுகிறானாம். அதனால் கையில் தாழை ஓலைக் காற்றாடியைக் கொடுத்து, திறந்த காரில் ஊர்வலம் விடுவார்கள். குழந்தை என்று சொல்பவர்கள் ஒரு நாள் அவருக்குச் சமைத்துப் போட்டுப் பார்க்கட்டும். பாகற்காய் வறுவலில் உப்பு குறைந்தால் தட்டு அப்படியே அடுப்படிக்குத் திரும்பி வரும்.

மனிதர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. கரும்பு வெட்டினார், ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டினார், காளையோடு காளை மோதும் பந்தயத்துக்குக் காளை வளர்த்தார். அவருடைய காளை ‘கருமேகம்’ ஒருமுறை கோடிவீட்டு கமேசுகேயின் காளையைக் களத்தை விட்டே விரட்டியது. அதனால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று நினைக்காதீர்கள். தினமும் பேசுவார்கள். அத்தனையும் வசவு.

ஊர்த்தலைவர் தோகாஷிகி வந்து ஊர்வலத்துக்கு நாள் சொன்னதும் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் வரல. உசுரோட பொதைக்கப் பாக்குறீங்களா?"

"என்ன தாத்தா, இது கொண்டாட்டம்."

"ஒனக்கு என்னடா தெரியும்? நான் சின்னப் புள்ளயா இருந்தப்ப எங்க பெரிய பாட்டனுக்கு வெள்ளத்துணி கட்டி, கல்லறை வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க. தெருவுல ஒரு வீட்டுக் கதவும் தெறந்திருக்கல. நேத்து வரைக்கும் அவருகூடக் குடிச்சவன்லாம் உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டான்."

அந்தக் காலத்தில் அப்படித்தானாம். பொய்யாக ஒரு சாவு நடத்தி, பழைய ஆயுளை அனுப்பிவிட்டு, புதுப் பிள்ளையாகத் திரும்பி வரவேண்டும். காற்றாடி அந்தப் பிள்ளைக்கு. இப்போது சாவை விட்டுவிட்டுக் காற்றாடியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மாமனாருக்கு அந்த அடைத்த கதவுகள் மறக்கவில்லை.

நான் விடவில்லை. எழுபது வயதிலும் மருமகளாகவே இருக்கிற எனக்கு வேறு என்ன வேலை?

"மாமா, ஊருக்கே பன்னிக்கறி வேக வைக்கப் போறேன். நீங்க வராட்டி அத யாரு தலையில கொட்டுறது?"

முகத்தை என் பக்கம் திருப்பினார். "தெருவுல எல்லாக் கதவும் தெறந்திருக்கணும். ஒண்ணு சாத்தியிருந்தாலும் எறங்கிருவேன். சொல்லிட்டேன்."

ஊர்வலத்தன்று மாமனாருக்குச் சிவப்பு அங்கி, மஞ்சள் தொப்பி, கையில் காற்றாடி. காரின் பின் இருக்கையில் அவர் பக்கத்தில் நான். வீட்டுக்கு வீடு கதவைத் திறந்துவைத்து, அவருடைய ஆயுள் தங்களுக்கும் ஒட்டட்டும் என்று கையைத் தொட ஓடி வந்தார்கள். மாமனார் ராஜா மாதிரி கையை நீட்டிக்கொண்டே வந்தார்.

தெருக்கோடியில் ஒரு கதவு சாத்தியிருந்தது. கமேசுகே வீடு.

"வண்டிய நிறுத்து," என்றார். இறங்கி, தடியால் கதவைத் தட்டினார். முன்னால் போய்க்கொண்டிருந்த மேளம் நின்றுவிட்டது. இத்தோடு திரும்பி வீட்டுக்கு நடக்கப் போகிறார், கறியை நாய்க்குப் போட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"டேய் கமே, தெறடா."

"பொணம் போறப்ப கதவத் தெறக்கக் கூடாது. போயிரு."

"பொணமா தட்டுது? காளை தோத்த வயித்தெரிச்சல் ஒனக்கு இன்னும் அடங்கல."

உள்ளே செருப்புச் சத்தம் கதவருகே வந்தது. பிறகு கதவை ஒட்டி மெதுவாக ஒரு குரல். "அதில்லடா. எனக்குத் தொண்ணூத்தி நாலு. ஒன்னய அனுப்பிட்டா அடுத்து நான்தான."

மாமனார் தடியைக் கீழே இறக்கினார். "இதுக்கா பயந்து கெடக்குற? மூணு வருசம் கழிச்சு ஒன் வண்டி வர்றப்ப என் கதவு தெறந்திருக்கும். உள்ள நான் ஒக்காந்திருப்பேன், ஒன்னயத் திட்டுறதுக்கு. இப்ப வெளிய வா, பன்னிக்கறி ஆறுது."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கமேசுகே பனியனோடு, வீட்டுச் செருப்போடு நின்றார். மாமனாரின் கையைத் தொட்டார். தொட்டவர் விடவில்லை.

நான் முன்னால் ஓட்டுபவர் பக்கத்து இருக்கைக்குப் போனேன். பின்னால் இரண்டு கிழவர்களும் காற்றாடியை யார் பிடிப்பது என்று ஊர் எல்லை வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

பந்தியில் மாமனார் முதல் கறித்துண்டை வாயில் போட்டார். "உப்பு கம்மி."

"ஆமா," என்றார் கமேசுகே. வாழ்நாளில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள், அதுவும் என் சமையலில்.